சோலைச்சாமி மாமா கொண்டுவந்த கல்

சோலைச்சாமி மாமா வெறுங்கையோடு வந்ததே கிடையாது.

பந்தல்குடியில் கல் ஏற்றும் லாரியில் அவர் கிளீனர். லாரி போகிற ஊரில் கையில் கிடைப்பதைப் பரளச்சியில் இருக்கும் அக்காள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். ஒரு தடவை, பேசும் கிளி என்று ஒன்றைக் கொண்டுவந்தார். அது இருமியதே ஒழியப் பேசவில்லை. இன்னொரு தடவை பழைய லாரி ஹாரன். அதை அமுக்கிப் பார்த்ததும் பக்கத்து வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு கண்மாய்க்கரை வரைக்கும் ஓடியது.

ஒவ்வொரு தடவையும் சௌந்தரத்தின் அப்பா சண்முகவேல் விழுந்து விழுந்து சிரிப்பார். மாமாவும் கூடவே சிரிப்பார். ஆனால் அன்றைக்குச் சோறு கொஞ்சமாகத்தான் சாப்பிடுவார். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற சௌந்தரம் அதைக் கவனித்திருக்கிறாள்.

இந்தத் தடவை மாமா கொண்டுவந்தது கல்.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து தலையில் சாக்கைச் சுமந்து வந்து, வாசலில் தொப்பென்று இறக்கினார். சும்மாட்டுத் துண்டை உதறி முகத்தைத் துடைத்தார்.

"மச்சான், இப்பச் சிரிங்க பாப்போம்."

அப்பா சாக்குக்குள் எட்டிப் பார்த்தார். சிரிக்கவில்லை.

அதற்குக் காரணம் இருந்தது.

சண்முகவேல் பானை வனைகிறவர். அலுமினியப் பாத்திரம் வந்த பிறகு ஊரில் பானை வாங்க ஆள் குறைந்துபோனது. மழையும் ஏமாற்றியது. அதனால் மேஸ்திரி ஒருவரோடு மலையாளத்துப் பக்கம் ஓட்டுக் கம்பெனி வேலைக்குப் போனார். வருசத்துக்கு ஒரு தடவைதான் வீட்டுக்கு வருவார். வந்தால் சௌந்தரத்தைப் பார்த்து, "இம்புட்டு வளந்துட்டாளா" என்பார். அடுத்த வருசமும் அதையேதான் சொல்வார்.

போன வருசம் ஒரு பயிற்சி நிலையத்தில் வெள்ளைக் கோப்பை செய்யக் கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். வீட்டுக்குப் பின்னால் புகைபோக்கி வைத்துப் புதுச் சூளை ஒன்றைக் கட்டினார்.

"தை பொறந்ததும் மேஸ்திரி ஆள் கூட்டிட்டுப் போக வருவாரு. அதுக்குள்ள ஒரு சூளைக் கோப்பை நல்லா வெந்து எறங்குச்சுன்னா நான் இங்கயே இருந்துருவேன். எறங்கலைன்னா அவரோட பஸ் ஏற வேண்டியதுதான்" என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா ஆவுடைத்தாய் அடுப்பை ஊதப் போய்விட்டாள். அன்றிலிருந்து சௌந்தரம் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே சூளையைத்தான் போய்ப் பார்ப்பாள், அது ஓடிப்போய்விடும் என்பதுபோல.

பழைய சூளை என்றால் வேலை சுலபம். பானை மேல் பானையாக அடுக்கி, வைக்கோல் போட்டு, மண் பூசித் தீ வைத்துவிடலாம். கோப்பையை அப்படி அடுக்க முடியாது. அதன் மேல் பளபளப்புப் பூச்சு இருக்கிறது. சூட்டில் அது பாகு மாதிரி உருகும். ஒன்றோடொன்று தொட்டால் பிரிக்கவே முடியாது. அதனால் சூளைக்குள் கடை அலமாரி மாதிரி தட்டுத் தட்டாகப் பலகை வைக்க வேண்டும். சூட்டைத் தாங்கும் மண்ணில் செய்த பலகை. ஒரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் நடுவில் கால் கொடுக்க வேண்டும்.

பலகை விருதுநகரிலிருந்து லாரியில் வந்தது. கூடவே கால்களும் வந்தன. வழியில் யாரோ ஒரு புண்ணியவான் அவற்றின் மேல் மாவு மில்லு மோட்டாரை ஏற்றி வைத்துவிட்டான். கால்கள் அத்தனையும் தூள். ஒரு பலகையும் போனது. மறுபடி வாங்கக் காசும் இல்லை, நாளும் இல்லை.

"செங்கல்ல குடுத்தா என்ன?" என்று அம்மா கேட்டாள்.

"நம்ம ஊரு மண்ணு அந்தச் சூட்டுக்கு இளகிப் போகும்."

"இரும்பு?"

"வளைஞ்சு கும்பிடு போடும்."

இப்படி அப்பா விழித்துக்கொண்டிருந்தபோதுதான் மாமா சாக்கை இறக்கினார்.

"பந்தல்குடிக் கல்லு மச்சான்" என்றார் மாமா. "சுண்ணாம்பு சுடுற காளவாசல்ல போடுறாகள்ல, அதே கல்லு. ராப்பகலா கெடந்து வேகும். வெளிய எடுக்குறப்ப பாத்தீகன்னா, உள்ள போன மாதிரியே முழுசா வரும். நான் கண்ணால பாத்தது. காளவாசலுக்கே அசராத கல்லு, உங்க சூளைக்கா அசரப் போவுது?"

அப்பா ஒரு கல்லை எடுத்து இன்னொன்றின் மேல் தட்டினார். ணங்கென்று சத்தம் வந்தது. எல்லாம் ஒரே உயரம். உளி போட்டுச் செதுக்கிக் கொண்டுவந்திருந்தார் மாமா. நாலு கல்லை வைத்து, மேலே பலகையை வைத்து, அப்பா உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தார்.

"மாப்ள, இது தேறும்" என்றார்.

அன்றைக்கு மாமா மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். ரசத்துக்குத் தனியாக ஒரு தடவை.

மறுநாள் அம்மா, வரப்போகிற பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்கிவரச் சொல்லிச் சௌந்தரத்தை அனுப்பினாள். சின்ன மீரான் கடைக்குத்தான் போக வேண்டும். அவருடைய மகள் ஷம்சாத் சௌந்தரத்தோடு படிக்கிறவள்.

சௌந்தரம் போனபோது கடையில் விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"சுண்ணாம்பு மூட்டை வாயக் கட்டாம விட்டது யாரு?" என்று கேட்டார் மீரான்.

"நான் இல்ல அத்தா" என்றாள் ஷம்சாத்.

"அப்ப மூட்டையே அவுந்துக்கிச்சா?"

"சாயங்காலம் வரைக்கும் கட்டித்தான் இருந்துச்சு அத்தா" என்று சொல்லிவிட்டு ஷம்சாத் கூரையைப் பார்த்தாள்.

மூட்டையின் மேல்பக்கத்தில் இருந்த கட்டிகள் விரிசல் விட்டு, மாவு மாதிரி உதிர்ந்து கிடந்தன. மீரான் அவற்றை ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து நல்ல கட்டிகளாக எடுத்துச் சௌந்தரம் கொண்டுவந்த ஓலைப்பெட்டியில் போட்டார்.

"பாய், தண்ணி பட்டுச்சா இதுல?" என்று சௌந்தரம் கேட்டாள்.

"தண்ணி பட்டா கொதிச்சுல்ல போயிரும். இது சும்மா காத்துப் பட்டே பூத்துப் போச்சு. வெந்த கல்லு அப்பிடித்தான். நீ பெட்டிய மூடிக் கொண்டுபோ. வழியில தொடாத, கை பொத்துரும்."

"இது எந்த ஊருக் கல்லு?"

"பந்தல்குடிதான். வேற எங்க?"

சௌந்தரம் பெட்டியைத் தூக்கினாள். கல் என்று சொல்கிறார்கள், ஆனால் பொரி மூட்டை மாதிரி கனமே இல்லை. கொஞ்சத் தூரம் நடந்தவள் பாதி வழியில் நின்றுவிட்டாள். கூட வந்த ஷம்சாத் அவள் மேல் முட்டிக்கொண்டாள்.

"ஏ, என்னடி மாடு மாதிரி நிக்குற?"

"எங்க மாமா கொண்டாந்ததும் பந்தல்குடிக் கல்லுதான்டி."

"அதுக்கென்ன?"

"எங்க அப்பா சூளையில வெந்தா அதுவும் இப்பிடித்தான ஆகும்?"

ஷம்சாத் யோசித்தாள். "அப்ப உங்க அப்பா சுண்ணாம்பு யாவாரம் பண்ணப் போறாகளா? எங்க அத்தாட்ட சொல்லிறாத, கோவப்படுவாக."

சௌந்தரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பலகை மேல் பலகை, அதன் மேல் கோப்பை. நடுவில் இருக்கிற கல் மாவாக உதிர்ந்தால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும். பலகை போய்விடும். பிறகு மேஸ்திரி வருவார்.

"உடனே போயி உங்க அப்பாட்ட சொல்லு" என்றாள் ஷம்சாத்.

"ஒருவேளை நான் நெனைக்கிறது தப்பா இருந்துட்டா? மாமா சுமந்து கொண்டாந்தது வீணாப் போயிரும். அப்பாவும் சிரிச்சிருவாரு. முதல்ல ஒரு துண்டை வேகவச்சுப் பாக்கணும்."

கோப்பைகளுக்குப் பூச்சுப் பூசுவதற்கு முன்னால் ஒரு தடவை வெறுமனே சுட்டெடுக்க வேண்டும். அதைப் பழைய சூளையில்தான் சுடப்போவதாக அப்பா சொல்லியிருந்தார். சாக்கின் அடியில், கல் செதுக்கியபோது விழுந்த சில்லு கிடந்தது. கொட்டைப்பாக்கு அளவில் இரண்டு சில்லுகளை எடுத்து, உடைந்த கலயம் ஒன்றில் போட்டாள். அப்பா அடுக்கும்போது அதைக் கொண்டுபோய் நீட்டினாள்.

"என்னது இது?"

"எனக்கு வேணும்ப்பா. நடுவுல வைங்க."

ஏதோ சொப்பு விளையாட்டு என்று நினைத்துக்கொண்ட அப்பா, நடுவில் வைத்தார்.

சூளை ஆறிப் பிரித்தபோது சௌந்தரம் முதலில் தேடியது அந்தக் கலயத்தைத்தான். சில்லுகள் இரண்டும் முழுசாக இருந்தன. ஒரு கீறல்கூட இல்லை. மாமா சொன்னது சரிதான். அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. பிறகு, ஏமாற்றமடைய எதுவும் இல்லை, நல்லதுதானே என்று தோன்றியது.

குச்சியால் தட்டிப் பார்த்தாள். ணங்கென்று கேட்கவில்லை. டொக் என்றது.

ஒரு சில்லைக் குச்சியாலேயே பவுடர் டப்பாவுக்குள் தள்ளி, காற்றுப் படாமல் மூடினாள். இன்னொன்றைக் கலயத்தோடு சுவர் மேல் வைத்தாள். மார்கழிப் பனி. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது, சுவர் மேலிருந்த சில்லின் ஓரமெல்லாம் பூத்து, திருநீறு மாதிரி கொட்டிக் கிடந்தது.

சனிக்கிழமை மாமா வந்தார். புதுச் சூளையை அடுக்க உதவி செய்வதற்காக லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அப்பா கருவேலஞ்சுள்ளி வெட்டப் போயிருந்தார்.

"மருமகளே, எங்க உங்க அப்பா? என் கல்லு பத்திரமா இருக்கா?"

"மாமா, சூளைக்குப் பின்னால வாங்க. ஒண்ணு காட்டணும்."

டப்பாவிலிருந்த சில்லைச் சிரட்டையில் கொட்டினாள். செம்பில் தண்ணீர் கொடுத்தாள்.

"நீங்க கொண்டாந்த கல்லோட சில்லுதான் மாமா. பழைய சூளையில வெந்தது. இது மேல கொஞ்சம் தண்ணி ஊத்துங்க. தள்ளி நின்னு ஊத்துங்க."

மாமா சிரித்துக்கொண்டே ஊற்றினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உஸ்ஸென்றது. ஆவி கிளம்பியது. சில்லு பிளந்தது, உப்பியது, பொலபொலவென்று உதிர்ந்து மாவாகிவிட்டது.

மாமாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது.

"சூளைக்குள்ள தண்ணிக்கு எங்க போவும்?" என்றார், விடாமல்.

சௌந்தரம் சுவர் மேலிருந்த கலயத்தை எடுத்துக் காட்டினாள். "இதுல நான் தண்ணியே ஊத்தல மாமா."

மாமா கலயத்தை வாங்கிப் பார்த்தார். ஒரு குச்சியால் கிளறினார். உட்கார்ந்துவிட்டார்.

"காளவாசலவிட்டு வெளிய வாரதத்தான் பாத்தேன்" என்றார் கடைசியில். "வந்த கல்லு அப்புறம் என்னாவுதுன்னு பாக்கல. அதுக்குள்ள எங்க லாரி கெளம்பிரும்."

கலயத்தைக் காலடியில் வைத்தார்.

"உங்க அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அவருட்ட மொதல்ல சொல்லியிருக்கலாம்ல?"

"கல்லு நீங்க கொண்டாந்ததுல்ல மாமா."

மாமா அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

அப்பா சுள்ளிக்கட்டை இறக்கி மூச்சு வாங்குவதற்குள், மாமா அவர் முன்னால் போய் நின்றார்.

"மச்சான், அந்தக் கல்லு வேணாம்."

"ஏன் மாப்ள? நீதானப்பா கொண்டாந்த?"

"கொண்டாந்தவனே சொல்றேன், வேணாம். இங்க பாருங்க" என்று கலயத்தையும் சிரட்டையையும் அப்பா முன்னால் வைத்தார். காளவாசலைப் பற்றி, வெந்த கல்லைப் பற்றி, காற்றுப் பட்டால் பூப்பதைப் பற்றி விளக்கமாகச் சொன்னார். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதில், கல்லையே அவர்தான் படைத்தார் என்று தோன்றியது.

அப்பா மாவை ஒரு குச்சியில் தொட்டுப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"மாப்ள, இதுல அடுக்கியிருந்தா சூளையத் தெறக்கும் முன்ன அத்தனையும் சரிஞ்சிருக்கும். பலகை ஒண்ணுகூட மிஞ்சியிருக்காது. நல்ல வேளை, நீ ரோசனை பண்ணிப் பாத்த."

மாமா சௌந்தரத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். அவள் சுள்ளிக்கட்டிலிருந்த ஓணானை மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப காலுக்கு என்ன செய்ய?" என்று அம்மா கேட்டாள்.

அப்பா சூளை வாசலில் போய்க் குந்தினார். அவர் காலடியில், மோட்டார் ஏறி உடைந்த பலகையும் கால்களும் குவியலாகக் கிடந்தன.

"ஏம்ப்பா, பலகை சூடு தாங்கும்ல?" என்றாள் சௌந்தரம்.

"அதுக்குன்னே செஞ்ச மண்ணுல்ல அது."

"உடைஞ்சு போனா தாங்காதா?"

அப்பா திரும்பிக் குவியலைப் பார்த்தார். ஒரு சில்லை எடுத்து உள்ளங்கையில் வைத்து உருட்டினார். பிறகு அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஆவுடை, உலக்கைய எடு."

பிற்பகல் முழுவதும் வாசலில் இடி சத்தம்தான். உடைந்ததை எல்லாம் இடித்து, சலித்து, கோப்பைக்கு வாங்கியதில் மீதமிருந்த வெள்ளை மண்ணோடு பிசைந்தார்கள். மாமாவுக்கு இடிக்கத் தெரியவில்லை, இருந்தாலும் இடித்தார். கைப்பிடி கனத்துக்கு உருட்டி, ஒரே உயரமாக அறுத்து அப்பா வெயிலில் வைத்துக்கொண்டே வந்தார்.

மண் தீர்ந்துவிட்டது.

அப்பா எண்ணிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "ஒரு பலகைக்கு மூலைக்கு ஒண்ணா நாலு கால் வேணும். பத்தாது. மேல் பலகை ரெண்டுக்கும் கால் வராது."

"நாலு எதுக்குப்பா?"

"பலகைக்கு நாலு மூலைல்ல?"

சௌந்தரம் திரும்பிப் பார்த்தாள். வாசலில் மூட்டிய அடுப்பில் சோற்றுப்பானை கொதித்துக்கொண்டிருந்தது. அடியில் மூன்று கல்.

"நம்ம அடுப்புக்கு மூணுதானப்பா. பானை ஆடலையே."

"அது வட்டம்டி, இது சதுரம்."

"வச்சுத்தான் பாருங்களேன்."

அப்பா வெயிலில் இறுகியிருந்த கால்களை எடுத்து, பலகையின் ஒரு பக்கம் இரண்டு காலும், எதிர்ப்பக்கம் நடுவில் ஒரு காலும் நிறுத்தினார். மேலே பலகையை வைத்து ஒவ்வொரு மூலையாக மெதுவாக அமுக்கினார். ஆடவில்லை. பிறகு நாலாவது காலையும் கொடுத்து அமுக்கினார். டக் டக்கென்று ஆடியது.

"கையால உருட்டுனதுல ஒண்ணு மயிரிழை கொறைஞ்சாலும் நாலு காலு ஆடத்தான் செய்யும்" என்றாள் அம்மா.

"பந்தல்குடி டீக்கடை பெஞ்சு மாதிரி" என்றார் மாமா. "நாலு பேரு எந்திரிச்சா அஞ்சாவது ஆளு விழுவான்."

மூன்று மூன்றாகக் கணக்குப் போட்டால் மேல் பலகைக்கும் கால் வந்தது. இரண்டு மிச்சம்கூட இருந்தது.

கால்கள் காய்ந்ததும் பழைய சூளையில் ஒரு தடவை சுட்டெடுத்தார்கள். பிறகு புதுச் சூளையை அடுக்கினார்கள். கீழ்ப்பலகையில் கால் நிற்கும் இடத்துக்கு நேர் மேலேயே அடுத்த பலகையின் காலும் நிற்க வேண்டும் என்று அப்பா கண்டிப்பாகச் சொன்னார். தள்ளி நின்றால் பாரம் பலகையின் நடுவில் விழுந்து அது முறிந்துவிடும்.

"பெரியவுக முன்னாடி காலு மேல காலு போடாதன்னு என்னை எத்தன தடவை வைஞ்சிருக்கீக" என்றார் மாமா.

"இதுக்குள்ள போட்டாத்தான் மரியாதை. பேசாம எடுத்துக் குடு."

பூச்சு உருகினாலும் ஒட்டாமல் இருக்க, வெள்ளை மண் சட்டியின் அடியில் ஒட்டியிருந்ததைக் கரைத்துப் பலகையில் தடவினார்கள். கோப்பைகளை விரல் இடைவெளி விட்டு வைத்தார்கள். வாசலை அடைத்து அப்பா தீ மூட்டினார். புகைபோக்கி முதலில் கறுப்பாக விட்டது, பிறகு வெறும் அனலாக விட்டது. தீயை நிறுத்தி வாசலை மூடிய பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்காற்றுப் பட்டு எல்லாம் வெடிக்கும். எல்லோரும் காத்திருந்தார்கள். அப்பா மட்டும் சூளைச் சுவரில் காதை வைத்து, சரியும் சத்தம் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தார். காது சிவந்துபோனது.

மேஸ்திரி வந்த அன்றைக்குத்தான் சூளையைத் திறந்தார்கள்.

அவர் காலையிலேயே வந்துவிட்டார். கக்கத்தில் தோல் பை. "என்ன சம்முவம், பொட்டியக் கட்டிட்டியா? மத்தியான பஸ்ஸுக்குப் போகணும்" என்றார்.

"கொஞ்சம் இருங்க" என்றார் அப்பா.

அடைத்த செங்கலை ஒவ்வொன்றாக எடுத்தார். சௌந்தரம் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

உள்ளே பலகைகள் அடுக்கியபடியே நின்றன. கால் மேல் கால், நேராக. தட்டுத் தட்டாக வெள்ளைக் கோப்பைகள், பசும்பால் ஊற்றித் துடைத்த மாதிரி பளபளவென்று உட்கார்ந்திருந்தன. ஒரு கோப்பை மட்டும் பக்கத்துக் காலோடு ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்றது. அதை வைத்தது மாமா.

அப்பா ஒரு கோப்பையை எடுத்துச் சுண்டினார். மணி மாதிரி சத்தம் வந்தது. இன்னொன்றை எடுத்துச் சுண்டினார். அதுவும் அப்படித்தான். இன்னும் ஒன்று. பிறகு அவர் நிறுத்தவே இல்லை. அம்மாதான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

ஷம்சாத்தோடு வந்திருந்த சின்ன மீரான், கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனையும் என் கடைக்குக் குடுத்துரு சம்முவம். வெளியில தேட வேணாம்" என்றார்.

அம்மா டீ போட்டாள். புதுக் கோப்பையில் முதல் டீ மேஸ்திரிக்குத்தான்.

"நான் வரலண்ணே" என்றார் அப்பா. "இங்க வேலை கெடக்கு."

மேஸ்திரி டீயை ஊதிக் குடித்தார். கோப்பையைக் கவிழ்த்து அடியையும் பார்த்தார். "சரிப்பா. சூடு நல்லாத்தான் நிக்குது" என்று சொல்லிவிட்டுப் பையைக் கக்கத்தில் இடுக்கினார்.

"எல்லாம் மாப்ளயாலதான்" என்று அப்பா மீரானிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அந்தக் கல்லை மட்டும் வச்சிருந்தா..."

மாமா எழுந்தார். "மச்சான், அது வந்து... நான் இல்ல..."

"மாமா, உங்க டீ ஆறுது" என்று சௌந்தரம் கோப்பையை அவர் கையில் திணித்தாள்.

மத்தியானம் அருப்புக்கோட்டை பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. மேஸ்திரி தனியாகத்தான் ஏறினார். சௌந்தரம் அவருக்குக் கை காட்டினாள். பஸ் வளைவில் திரும்பி, புழுதியும் அடங்கிய பிறகும் காட்டிக்கொண்டே இருந்தாள்.